கேஎல்–பட்டர்வொர்த் பழைய ரோட்டில் கேஷ் தேடிப் போறோம்: 140 புள்ளியை எப்படிக் குறைக்கிறது?

செந்தூல்காரன் | சனி, காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் கேஎல்லில் (கோலாலம்பூர்) இருந்து பட்டர்வொர்த் வரைக்கும் ஹைவே ஏறாமல், ஃபெடரல் 1 பழைய ரோட்டிலேயே ஜியோகேஷிங் செய்துகொண்டு போகலாம் என்று திட்டம். அதாவது, யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (கேஷ்) ஜிபிஎஸ் ஆயத்தை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்) வைத்துத் தேடி, உள்ளே உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வருவது. இரண்டு நாள், ராத்திரி ஈப்போவில். காடியில் நாலு பேர். அதில் 9 வயதும் 12 வயதுமாகப் பிள்ளைகள் இரண்டு.

பாக்கெட் குவெரியில் (தளத்தில் கேஷ் பட்டியல் இழுக்கும் வசதி) ரோட்டுக்கு இருபக்கமும் 2 கிலோமீட்டர் வைத்து இழுத்தால் 140 கேஷ் வருகிறது. மூன்று சந்தேகம்:

எதை வைத்து எதைத் தள்ளுவது? கைப்பேசி போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா? போகும் வழியில் நாமும் நாலு டப்பா வைத்துவிட்டு வரலாமா?

கட்டை12 | சனி, காலை 9:25

தம்பி, 140 என்கிற எண்ணிக்கையை முதலில் மறந்துவிடுங்கள். காடியை எத்தனை முறை நிறுத்த முடியும் என்பதுதான் கணக்கு.

பழைய ரோட்டில் கேஎல்–ஈப்போ சுமார் 205 கிலோமீட்டர். ரவாங், தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராக நுழைந்து வெளியே வரணும். 90 என்று பலகை போட்டிருந்தாலும் சராசரி 45க்கு மேல் வராது. ஆக ஓட்டம் மட்டும் நாலரை மணி நேரம். காலை 7:30க்குக் கிளம்பி மாலை 5:30க்கு அறைக்குப் போனால் கையில் 10 மணி. பசியாற, மத்தியானம் சாப்பிட ஒன்றரை மணி. மழைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியே ஆகணும். மிச்சம் 3 மணி நேரம்.

பிள்ளைகளோடு ஒரு கேஷுக்கு 15 நிமிடம். காடியை ஓரம் கட்டி, சப்பாத்து மாட்டி, நடந்து, தேடி, கையெழுத்துப் போட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துத் திரும்பி வரும் நேரம் அது. 3 மணிக்கு 12 நிறுத்தம். இரண்டாம் நாள் ஈப்போ–பட்டர்வொர்த் சுமார் 170 கிலோமீட்டர். அதே கணக்கில் 14 வரும், களைப்புக்கு விட்டு 11 என்று வையுங்கள். ஆகமொத்தம் 23.

140ல் இருந்து 23க்கு வர நாலு சல்லடை:

1. 2 கிலோமீட்டர் அகலத்தை 300 மீட்டராகக் குறைத்து மறுபடி இழுங்கள். ஊருக்குள் 2 கிலோமீட்டர் உள்ளே போய் வர 20 நிமிடம் செத்துப்போகும்.
2. கடைசி இரண்டு பதிவும் 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் தள்ளுங்கள். ஒன்று மட்டும் என்றால், எழுதியவர் மொத்தம் எத்தனை கண்டுபிடித்தவர் என்று பாருங்கள். 10 கண்டவருக்குக் கிடைக்காதது கணக்கில் இல்லை. 2,000 கண்டவருக்குக் கிடைக்கவில்லை என்றால் டப்பா போயிருக்கும்.
3. கடினம் 2.5க்கு மேல், தரை 3க்கு மேல் (இரண்டும் 5க்கு இத்தனை என்று பக்கத்தில் இருக்கும்) இருந்தால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.
4. நானோ, மைக்ரோ என்கிற மிகச் சிறிய டப்பா இரண்டையும் பாதிக்குப் பாதியாக வெட்டுங்கள். 9 வயசுப் பிள்ளைக்குத் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்கணும். சுருட்டிய காகிதம் மட்டும் வந்தால் மூன்றாவது நிறுத்தத்தில் காடியை விட்டு இறங்காது.

ரவாங்_ரோந்து | சனி, காலை 10:02

அண்ணன் சொன்ன நாலுக்கு முன்னாடி ஒரு சல்லடை இருக்கு: இடது பக்கமா, வலது பக்கமா?

வடக்கே போறீங்க. ரோட்டுக்கு இடது பக்கத்துல இருக்குறத மட்டும் எடுங்க. வலது பக்கத்துல இருக்குறது திரும்பி வர்றப்போ, இல்ல வேற நாளைக்கு. காரணம் ரெண்டு. டிவைடர் போட்ட இடத்துல யூ-டர்னுக்காக 2, 3 கிலோமீட்டர் போய் வரணும். டிவைடர் இல்லாத இடத்துலயோ எதிர்ல மண் லோரி வரும். வலப்பக்கம் ஓரம் கட்டிட்டு பிள்ளைங்கள குறுக்கே இழுத்துட்டுப் போறது வேணவே வேணாம்.

அடுத்தது, நேவிகேஷன் உங்கள பழைய ரோட்டுல விடாது. டோல் வேணாம்னு செட்டிங்ல போட்டா பிளஸ் ஹைவேய தவிர்க்கும், சரி. ஆனா ரவாங் பைபாஸ் டோல் இல்லாத ரோடு. 2017ல திறந்தது. செட்டிங் அதைத் தடுக்காது. கஞ்சிங் தாண்டுனதும் அலேக்கா தூக்கி மேம்பாலத்துல ஏத்தி செரெண்டால இறக்கிவிடும். மேலே நிக்க இடமில்ல, ரவாங் டவுன் மொத்தமும் கீழ போயிடும். அதனால நடுப்புள்ளி வரிசையா போடணும் லா: டெம்ப்ளர் பார்க், ரவாங் டவுன், செரெண்டா, பத்தாங் காலி, கோல குபு பாரு சந்திப்பு, காலும்பாங், தஞ்சோங் மாலிம். ஒரு தடவைக்கு ஏழெட்டுப் புள்ளிக்கு மேல ஆப் வாங்காது. ஒரு நாளை ரெண்டு மூணு துண்டா சேவ் பண்ணி வெச்சுக்குங்க.

செந்தூல்காரன் | சனி, காலை 10:31

இடது, வலது பிரிக்க வழி உண்டா? 140ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதா?

கட்டை12 | சனி, காலை 10:58

300 மீட்டராகக் குறைத்தாலே பாதிக்கும் கீழே வந்துவிடும். அதற்குமேல் கண்ணால் பார்ப்பதுதான் வழி. பார்ப்பதோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு கேஷையும் செயற்கைக்கோள் படத்தில் திறந்து, அதற்குக் காடியை எங்கே நிறுத்துவது என்று ஒரு புள்ளி போடுங்கள். சி:ஜியோ ஆப்பில் கேஷைத் திறந்து 'வேபாயிண்ட் சேர்' என்று கொடுத்து, வகை 'பார்க்கிங்' என்று வைத்தால் போதும். குறிப்பில் 'இடது' அல்லது 'வலது' என்று ஒரே சொல். ரோட்டில் போகும்போது நேவிகேஷனுக்குக் கொடுக்க வேண்டியது இந்தப் பார்க்கிங் புள்ளியை. கேஷ் புள்ளியைக் கொடுக்கவே கூடாது.

கேஷ் புள்ளியைக் கொடுத்தால் ஆப் அதற்கு மிக அருகில் உள்ள ரோட்டைத் தேடும். பழைய ரோடும் ஹைவேயும் ரயில் தடமும் ஒட்டி ஓடும் இடங்களில் அது ஹைவேயாக இருக்கலாம், பின்னால் உள்ள தாமான் (குடியிருப்பு) சந்தாக இருக்கலாம். சந்துக்குள் போய் நின்றால் கேஷ் 40 மீட்டரில் என்று காட்டும். நடுவில் கேடிஎம் ரயில் வேலி. மேலே 25,000 வோல்ட் கம்பி. தடத்தைக் கடப்பது குற்றம் என்பது ஒருபுறம், அந்த மின்சாரம் தொடாமலே தாவும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தக் கேஷ் உங்களுக்கு இல்லை. ஹைவே அவசர வழியில் நிறுத்தி வேலி தாண்டுவதும் அப்படித்தான்.

நல்ல பார்க்கிங் புள்ளி எது என்றால்: எண்ணெய் நிலையம், கடை வரிசை, கோயில் வாசல், பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள திடல், பழைய ரோட்டின் வெட்டிவிட்ட வளைவு. கேஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 150 மீட்டருக்குள் இப்படி ஓர் இடம் இல்லை என்றால் அடித்துவிடுங்கள்.

கோலகுபு_குருவி | சனி, மதியம் 12:15

'வெட்டிவிட்ட வளைவு' என்று அண்ணன் ஒரே வரியில் தாண்டிவிட்டார். பழைய ரோட்டுப் பயணத்தில் ருசியே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஃபெடரல் 1ஐ காலப்போக்கில் நேராக்கியபோது பல இடங்களில் பழைய வளைவை அப்படியே விட்டுவிட்டார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நேர்ச் சாலையின் பக்கத்தில் ஒரு வில் மாதிரிப் பிரிந்து திரும்பச் சேரும் சிறு ரோடு தெரியும். சில இடங்களில் அதற்கு 'ஜாலான் லாமா' என்றே பெயர். சில இடங்களில் பெயரே இல்லாமல் செம்பனைக்குள் போய் முட்டும். வில் ஓர் ஆற்றைத் தொடுகிற இடத்தில் பழைய பாலத்தின் தாங்குசுவர் நிற்கும். காடி போக்குவரத்து இல்லை, நிழல் உண்டு, நிறுத்தத் தாராளமான இடம். கேஷ் வைப்பவர்களும் இதைத்தான் தேடுவார்கள்.

12 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று: துரோலாக், ஸ்லிம் ரிவர் பக்கம் இந்த வளைவுகள் இரண்டாம் உலகப் போரில் விளையாடியிருக்கின்றன. 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் இதே சாலையில் இறங்கின. பிரதான சாலையில் தடுப்பு வைத்திருந்த இடத்தை, நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவு வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்புதான் கம்பார் சண்டை, 1941 டிசம்பர் 30ல் இருந்து 1942 ஜனவரி 2 வரை. இரண்டு இடமும் உங்கள் முதல் நாள் வழியிலேயே வருகின்றன. தெற்கிலிருந்து போவதால் வரிசை தலைகீழாக வரும், சொல்லும்போது கவனம்.

பழைய அளவைப் படம் யாரிடமாவது கிடைத்தால் வளைவுகளைக் கண்டுபிடிக்க அருமை. ஆனால் அதில் உள்ள ஆயத்தை அப்படியே ஜிபிஎஸ்ஸில் அடிக்காதீர்கள். பழைய படம் கெர்த்தாவ் என்கிற பழைய அளவை அடிப்படையில் வரைந்தது. ஜியோகேஷிங் முழுக்க ஜிபிஎஸ்ஸின் அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84. மாற்றாமல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். வில் எங்கே பிரிகிறது என்று படத்தில் கண்ணால் பார்த்து, அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் தேடிக் குறியுங்கள்.

செந்தூல்காரன் | சனி, மதியம் 12:50

அருமை. கைப்பேசி / கருவி விஷயம்?

ரவாங்_ரோந்து | சனி, மதியம் 1:20

தேடுறதுக்கு கைப்பேசி போதும். கெடுக்குறது ஜிபிஎஸ் இல்ல, காடிக்குள்ள இருக்குற காந்த ஹோல்டர். கைப்பேசி முதுகுல ஒட்டுற அந்த இரும்புத் தகடு, காந்தம் வெச்ச உறை, எல்லாமே திசைகாட்டியக் குழப்பும். அம்புக்குறி எதிர்த் திசையக் காட்டும், நீங்க கித்தாக் காட்டுக்குள்ள வட்டம் அடிப்பீங்க. உறையக் கழட்டுங்க, காடியில இருந்து பத்தடி தள்ளி நின்னு கைப்பேசிய எட்டுப் போடுற மாதிரி சுத்துங்க. அப்புறம் நடங்க.

கடைசி 10 மீட்டர்ல அம்பப் பார்க்காதீங்க. தூர எண் எங்க குறையுதுன்னு பாருங்க. 4, 5 மீட்டர்னு வந்ததும் பைக்குள்ள போட்டுட்டு கண்ணால தேடணும். அடர்ந்த மரத்தடியில 8 மீட்டர் பிசகு சாதாரணம்.

டேஷ்போர்ட்ல வெயில்ல வெச்சா கைப்பேசி சூடாகி தானே அணைஞ்சுடும். ஏர்கோன் காத்து வர்ற துவாரத்துல மாட்டுங்க. மலைப்பக்கம் லைன் போகும், அதனால வரைபடம், கேஷ் விவரம், ஹிண்ட் (வெச்சவர் தர்ற துப்பு), படம் எல்லாத்தையும் வீட்டுலயே இறக்கி வெச்சுடணும்.

கட்டை12 | சனி, மதியம் 1:44

தேடுவதற்குச் சரி. வைப்பதற்கு நான் கருவிதான் சொல்வேன். கார்மினில் 'வேபாயிண்ட் சராசரி' என்று ஒரு வசதி உண்டு. 100 விழுக்காடு வரும்வரை நின்று, குறைந்தது 90 நிமிடம் கழித்து மறுபடி ஒரு மாதிரி எடுத்து, இப்படி 4 முதல் 8 மாதிரி. ஒரே நேரத்தில் எட்டுத் தடவை எடுத்தால் பயனில்லை. செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்க வேண்டும்.

ஆயம் எழுதும்போது தவறுவது பூஜ்யத்தில். நமக்கு வடக்கு 03 பாகை, கிழக்கு 101 பாகை, பிறகு நிமிடம், மூன்று தசம இலக்கம். 08.050 என்பதை 08.5 என்று அடித்தால் 450 ஆயிரத்தில் ஒரு பங்கு நிமிடம் பிசகு. நம் பக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிமிடம் சுமார் 1.85 மீட்டர், ஆக 830 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

தைப்பிங்_மழை | சனி, மாலை 4:10

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். போகிற வழியில் நாலு டப்பா வைத்துவிட்டு வரலாமா என்றால், முடியாது. புதுக் கேஷைச் சரிபார்க்கும் ரிவியூவர் வெளியிட மாட்டார். உல்லாசப் பயணத்தில் வைக்கும் கேஷ் என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. நனைந்த காகிதத்தை மாற்ற செந்தூலில் இருந்து தைப்பிங்குக்கு யார் வருவது? உள்ளூர்க்காரர் ஒருவர் பராமரிக்க ஒப்புக்கொண்டு, அவர் கணக்குப் பெயரை ரிவியூவருக்கான குறிப்பில் எழுதினால் வழி உண்டு. 'பராமரிப்புத் தேவை' என்று வந்து, முடக்கி, சுமார் 4 வாரத்தில் யாரும் போய்ப் பார்க்காவிட்டால் அந்தக் கேஷின் பக்கத்தை மூடிவிடுவார்கள். டப்பா மட்டும் குப்பையாக அங்கேயே கிடக்கும்.

ஆகவே கேஎல்–தஞ்சோங் மாலிம் வரை உள்ள 75 கிலோமீட்டருக்குள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் வரும் தூரம். நாலு வேண்டாம், இரண்டு போதும். அருகில் வேறு கேஷின் டப்பா 161 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மர்மக் கேஷ்களின் (புதிரை விடுவித்துத் தேடுபவை) உண்மையான இடம் வரைபடத்தில் தெரியாது, அதனால் டப்பாவை வைப்பதற்கு முன்பே ஆயத்தை அனுப்பி ரிவியூவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி டப்பா. இந்த நாட்டில் டப்பாவைக் கொல்வது மழை என்று நினைக்கிறார்கள். வெயிலும் மழையும் சேர்ந்துதான் கொல்கின்றன. மத்தியானம் வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். நாலு மணிக்குத் திடீர் மழை. டப்பா சட்டென்று குளிரும். உள்ளே அழுத்தம் குறையும். மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரை டப்பாவே உறிஞ்சிக்கொள்ளும். தினமும் நடக்கும் கதை. அதனால் முதல் விதி நிழல். இரண்டாவது, குழாய் வடிவ டப்பா என்றால் வாய் கீழே பார்த்துத் தொங்க வேண்டும். மூன்றாவது, ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாக ஒரு தடவல். சமையல் எண்ணெய் கூடாது, எறும்பு வரும்.

நாலு பக்கம் கிளிப் உள்ள உணவு டப்பா, 500 மில்லியில் இருந்து 1 லிட்டர் வரை, நல்லது. அதில் வழக்கமாக நடக்கும் தவறைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: காகிதத்தை ஜிப் பையில் போட்டு, பையை மடிக்காமல் டப்பாவில் திணிப்பார்கள். பையின் ஒரு மூலை மூடிக்கும் ரப்பருக்கும் நடுவில் மாட்டும். நாலு கிளிப்பும் 'டக்' என்று பூட்டிவிடும், பார்க்க எல்லாம் சரி. அந்த ஒரு மூலை வழியாக ஒரு வாரத்தில் டப்பா பாதி நிரம்பிவிடும். பை டப்பாவின் உட்புறத்தைவிட எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் சிறியதாக இருக்கட்டும்.

சிலிக்கா ஜெல்லை நம்பாதீர்கள். 5 கிராம் பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் குடிக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் அதுவே 5 கிராம்.

பேனா வேண்டாம், பென்சில். துருவியை மறக்காமல் போடுங்கள். மிட்டாய், வாசனைச் சோப்பு, சாம்பிராணிப் பொட்டலம் எதுவும் வேண்டாம். கஞ்சிங் பக்கத்துக் குரங்குகளுக்குக் கிளிப் திறக்கத் தெரியும்.

ரவாங்_ரோந்து | சனி, மாலை 4:35

அக்கா, சாலைத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால காந்தம் வெச்ச மைக்ரோ போடலாமே. சுலபம், நிறுத்தவும் வசதி.

தைப்பிங்_மழை | சனி, மாலை 5:05

மைக்ரோவுக்கு ஆட்சேபம் இல்லை, தம்பி. காந்தத்துக்குத்தான். வெள்ளிபோல் மினுங்கும் காந்தத்துக்கு மேல் நிக்கல் பூச்சு. கம்பியில் நாலு தடவை 'டொக்' என்று ஒட்டினால் ஓரம் சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் துரு ஏறி உள்ளிருந்து மாவாக உதிரும். ஆறு மாதத்தில் குழாய் மட்டும் கீழே புல்லில் கிடக்கும், புல் வெட்டுகிறவர் இயந்திரம் அதைத் தூள் பண்ணும். காந்தத்தைக் குழாயின் உள்ளே வைத்து எபாக்சி ஊற்றி மூடுங்கள், அல்லது மேலே சுருங்கும் உறை போட்டுச் சூடுகாட்டுங்கள். பிடிப்பு கொஞ்சம் குறையும். அதற்கு ஒரு காந்தம் கூடுதலாக.

குழாய்க்கு ஃபிலிம் டப்பா வேண்டாம், அது இங்கே தண்ணீர்த் தொட்டி. பாட்டில் ஊதுவதற்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் முளைக்குழாய் கிடைத்தால் வாங்குங்கள். சோடா மூடி, தடிமன், தண்ணீர் புகாது.

அடுத்தது தடுப்புக் கம்பியின் முனை. அந்த வளைந்த முனைக்குள் கைவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். தேள், குளவிக் கூடு, கெரேங்கா எறும்பு மூன்றுக்கும் அது வீடு. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்து, குச்சியால் தட்டி, அதற்குப் பிறகுதான் கை.

கட்டை12 | சனி, மாலை 5:40

வைக்கக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பொதுவான பட்டியல் விதிப்பக்கத்தில் இருக்கிறது: தோண்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, அனுமதி வேண்டும். நம் ரோட்டுக்கே உரியவை வேறு.

முனியாண்டி கோயில். பழைய ரோட்டில் பெரிய மரம், நிழல், ஓரம் கட்ட இடம் என்று அமைந்தால் பாதிக்குப் பாதி அங்கே ஒரு சூலம் நடப்பட்டிருக்கும். ஆள் இல்லாததுபோல் தெரியும். வெள்ளிக்கிழமை ஆள் வரும். கறுப்பு டேப் சுற்றிய சின்னக் குழாய், உள்ளே சுருட்டிய காகிதம், காகிதத்தில் வரிசையாகப் பெயரும் தேதியும். கோயிலுக்கு வருகிறவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. செய்வினை என்று எரிப்பார்கள், அந்த இடத்தில் தேடிக்கொண்டு நிற்கிற அடுத்த ஆளுக்கும் நல்லதல்ல. மரத்திலிருந்து 50 மீட்டர் தள்ளுங்கள். கோயில் பொறுப்பாளரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

பாலம். பாலத்தடியில் மூடிய பெட்டி இருந்தால் பாலிஸ் வரும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக இருக்கட்டும், மேலே மலாயில் 'இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை' என்று ஒரு ஒட்டு. துப்பாக்கிக் குண்டுப் பெட்டியை இங்கே நினைக்கவே வேண்டாம்.

சிவப்புப் பலகையில் சிப்பாய் துப்பாக்கி நீட்டும் படம் இருந்தால் வேலிக்கு வெளிப்பக்கமும் வேண்டாம்.

பழைய மைல்கல். எஞ்சியிருக்கும் கட்டைக் கல்லில் எதையும் ஒட்டாதீர்கள், அடியில் சொருகாதீர்கள். அதில் உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள்.

செந்தூல்காரன் | சனி, மாலை 6:15

எண்ணைப் பயன்படுத்துவது என்றால்?

கோலகுபு_குருவி | சனி, இரவு 8:20

பல்நிலைக் கேஷ். கல்லில், பெயர்ப்பலகையில், கட்டடத்தில் உள்ள எண்களைப் படித்து, அதிலிருந்து கடைசி ஆயத்தைக் கணக்குப் போட வைப்பது. அந்த இடங்களில் டப்பா இல்லாததால் 161 மீட்டர் விதியும் அவற்றைத் தொடாது. கடைசி டப்பா மட்டும் பாதுகாப்பான இடத்தில்.

கோல குபு பாருவுக்கு ஒன்று செய்யலாம். ஊரின் கதையே அதற்கு ஏற்றது: 1883ல் அணை உடைந்து பழைய ஊர் வெள்ளத்தில் போனது. பழைய இடத்துக்கு இன்றும் பெயர் அம்பாங் பெச்சா, உடைந்த அணை. பயணி புது ஊரில் மூன்று எண் எடுத்துக்கொண்டு அம்பாங் பெச்சா பக்கம் போய் முடிக்கிறமாதிரி அமைக்கலாம். கடைசி ஆயத்தை, உதாரணமாக, 'வடக்கு 03 பாகை 34.கசட, கிழக்கு 101 பாகை 39.தபம' என்று எழுதி, ஆறு எழுத்துக்கும் எண் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சாயம் அடித்தால் மறையும் எண்ணை எடுக்காதீர்கள். கடை விளம்பரப் பலகை, மின்கம்ப எண், தற்காலிக அறிவிப்பு எதுவும் வேண்டாம். கட்டடத்தின் முகப்பில் சுண்ணாம்பிலேயே வார்த்த ஆண்டு நிலைக்கும். இன்னொன்று, சரிபார்ப்பு எண் கொடுங்கள்: ஆறு இலக்கமும் கூட்டினால் இவ்வளவு வரும் என்று. இல்லாவிட்டால் ஒருவர் 3ஐ 8 என்று படித்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கித் தேடுவார்.

டப்பாவே வேண்டாம் என்றால் எர்த்கேஷ். பாறை, நிலம், நீர் பற்றிய பாடம் ஒன்று, இடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பத்துமலையில் தொடங்கி புக்கிட் தாக்குன் வரை சுண்ணாம்புக் குன்றுகள் உங்கள் வழியிலேயே நிற்கின்றன. ஈப்போவுக்கு முன்னும் பின்னும் சொல்லவே வேண்டாம். டப்பாவை மாற்றும் வேலை இல்லை, ஆனால் வருகிற பதில்களைப் படித்துப் பார்க்க வேண்டும். நில உரிமையாளர் அனுமதி இதற்கும் கேட்பார்கள்.

பட்டர்வொர்த்_பெர்ரி | ஞாயிறு, காலை 7:50

இரண்டாம் நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ஈப்போ, செமோர், சுங்கை சிப்புட், கோல கங்சார். எங்கோரில் பேராக் ஆற்றின் மேல் இஸ்கந்தர் பாலம், 1932. ரோடு பாலத்தின் மேலேயே போகிறது, அதில் நிறுத்தாதீர்கள். தாண்டிய பிறகு ஓரம் பார்த்து நடந்து வாருங்கள். பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் கணவாய்: வளைவு, லோரி, குறுகிய ஓரம். அங்கே இடது பக்கம் என்றாலும் நிறுத்த வேண்டாம். கேஷ் இருந்தால் விட்டுவிடுங்கள். சங்காட் ஜெரிங்கில் இருந்து தைப்பிங் உள்ளே போய் வருவது உங்கள் விருப்பம். அதற்குப் பிறகு பாகான் செராய், பாரிட் புந்தார், நெபோங் திபால். தட்டையான நெல் வயல், ஓட்டம் வேகமாக இருக்கும். நேரம் மிச்சமானால் இங்கே இரண்டு கூடுதலாகப் போடலாம்.

பினாங்குத் தீவுக்கும் போவதாக இருந்தால்: ஃபெர்ரியில் இப்போது காடி ஏறாது. ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரித் துறையை ஒட்டிய பினாங்கு சென்ட்ரல் நிலையத்தில் காடியை விட்டுவிட்டு ஃபெர்ரியில் போய் ஜார்ஜ் டவுனில் நடந்து தேடுங்கள். அங்கே நிறுத்த இடம் தேடுவது கேஷ் தேடுவதைவிடக் கஷ்டம். கடைவீட்டு வரிசைக்குள், அஞ்சடிப் பாதையில் நின்றால் ஜிபிஎஸ் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த தெருவைக் காட்டும். முச்சந்திக்கு வந்து வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், எண் நிலைக்கும். பிறகு ஹிண்ட்.

மழை பற்றி: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பரில் மேற்குக் கரையில் மத்தியான இடிமழை. மூன்று மணிக்குப் பிறகு காட்டோரம், அருவியோரம் எதுவும் வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் வரும்.

ரவாங்_ரோந்து | ஞாயிறு, காலை 8:15

சந்தேகம் இருந்தா முதல்ல ஒரு நாள் ஒத்திகை பாருங்க. கோம்பாக்ல இருந்து ஃபெடரல் 68, பழைய பெந்தோங் ரோடு. காராக் ஹைவே வந்த பிறகு அதுல லோரி கம்மி. ஆனா ஞாயித்துக்கிழமை சைக்கிள்காரங்க கூட்டம், வளைவுல பார்த்து. பன்னெண்டாங் கட்டையில (12வது மைல்) ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்கள், அருங்காட்சியகம் இருக்கு. கம்போங்குக்குள்ள கேட்காம நுழையாதீங்க. கெந்திங் செம்பா வரைக்கும் போய் திரும்பினா அரை நாள். உங்க 15 நிமிஷக் கணக்கு சரியா வருதான்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

கோல குபு பாருல இருந்து பிரேசர் மலை ஃபெடரல் 55ஐ இந்தப் பயணத்துல சேர்க்காதீங்க. அது தனி நாள். மேல நிலச்சரிவு வந்தா போக்குவரத்து ஒழுங்கு மாறும், அன்னைக்குக் கேட்டுட்டுத்தான் கிளம்பணும்.

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. சல்லடை போட்ட பிறகு நிலவரம்: 300 மீட்டர் அகலத்தில் 61. இரண்டு 'கிடைக்கவில்லை' உள்ளவை போக 48. கடினம், தரை பார்த்து 39. இடது பக்கம் மட்டும் 22. பார்க்கிங் இல்லாதவை போக 17. மைக்ரோ அதில் 6.

டப்பா இரண்டு: ஒன்று கோல குபு பாருவில் பல்நிலை, இன்னொன்று செரெண்டா பக்கம் வெட்டிவிட்ட வளைவில் 700 மில்லி உணவு டப்பா. வளைவின் பின்னால் தோட்டம். கங்காணியிடம் அனுமதி கேட்டால் போதுமா?

தைப்பிங்_மழை | ஞாயிறு, இரவு 9:52

போதாது. அவர் சரி என்பார், அடுத்த மாதம் வேறு ஆள் வருவார். அலுவலகத்தில் மேலாளரிடம் கேட்டு, அவர் பதவியையும் தேதியையும் ரிவியூவர் குறிப்பில் எழுதுங்கள். டப்பா இருக்கும் மரத்தின் படத்தை மேலாளருக்கும் அனுப்பிவிடுங்கள், மருந்து அடிக்கிறவர்கள் தூக்கிப் போடாமல் இருக்க.

இன்னொன்று: மூடி உடைந்து டப்பா திறந்து கிடந்தால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதம் உண்டு, அது அந்த நிலத்துக்காரர் தலையிலும் விழலாம். 'மூடி உடைந்தது' என்று பதிவு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

கட்டை12 | ஞாயிறு, இரவு 10:10

17 என்றால் 6 நிறுத்தம் மிச்சம் இருக்கிறது. அதை நிரப்பப் போய் வலது பக்கத்தைச் சேர்த்துவிடாதீர்கள், தம்பி. பீடோரில் பசியாறுங்கள்.